நுண்ணுயிர் நீக்கமும் செல் ஒட்டுதலும்: உயிரிப்பொருள் மாதிரிகளைச் செல் சோதனைக்கு ஆயத்தம் செய்யும் முறை

எலும்பிலோ இரத்தக் குழாயிலோ பொருத்துவதற்கென உருவாக்கப்படும் உலோகம், பாலிமர், பீங்கான் ஆகியவை உயிரிப்பொருட்கள் எனப்படுகின்றன. இவற்றின் மீது செல்கள் எவ்வளவு நன்றாக ஒட்டுகின்றன என்று சோதிப்பவர்கள், சோதனைக்கு முந்தைய நாள் மாதிரிகளை ஆட்டோகிளேவிலோ ஆல்கஹாலிலோ இட்டு நுண்ணுயிர் நீக்கம் செய்கின்றனர். ஆனால் அந்தப் படியை வெறும் தூய்மைப்படுத்தலாகக் கருதி ஆய்வுக் குறிப்பேட்டில் ஒற்றை வரியில் முடித்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. நுண்ணுயிரைக் கொல்லும் நீராவியும் வாயுவும் கதிரும் நுண்ணுயிரோடு நின்றுவிடுவதில்லை. மாதிரியின் மேற்பரப்பிலும் அவை வினைபுரிகின்றன. நுண்ணுயிர் நீக்காத மேற்பரப்பை வளர்ப்புத் தட்டில் எந்தச் செல்லும் சந்திப்பதில்லை என்பதால், செல் சோதனையைப் பொறுத்தவரை, நுண்ணுயிர் நீக்கத்துக்குப் பின் எஞ்சும் மேற்பரப்புதான் அந்தப் பொருளின் மேற்பரப்பு. ஆகவே மாதிரி தயாரிப்பின் கடைசிப் படியாக நுண்ணுயிர் நீக்கத்தைக் கொண்டு, அதற்குரிய கவனத்துடன் செய்யும் முறையை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

செல் எதைத் தொடுகிறது

வளர்ப்பு ஊடகத்தில் இடப்பட்ட செல் பொருளை நேரடியாகத் தொடுவதில்லை. ஊடகத்தில் கலந்துள்ள சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரித்தெடுக்கப்படும் தெளிந்த நீர்மம், பல்வகைப் புரதங்களைக் கொண்டது. மாதிரி நனைந்த சில நொடிகளிலேயே இப்புரதங்கள் அதன் மீது படியத் தொடங்கிவிடுவதால், செல் கீழிறங்கி அமர்வதற்குள் அங்கே ஒரு புரதப் படலம் உருவாகியிருக்கும். அப்படலத்தில் உள்ள ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் ஆகிய புரதங்களில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து அமைந்த ஒரு பகுதி உண்டு. ஃபைப்ரோநெக்டினில் செல்கள் பற்றிக்கொள்வது அந்தப் பகுதியைத்தான் என்பதைப் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் 1984-இல் காட்டினர். செல் சவ்வில் உள்ள இன்டெக்ரின் என்னும் ஏற்பிகளே அதைப் பற்றுகின்றன. மேற்பரப்பு நீரை ஏற்கிறதா விலக்குகிறதா, அதில் என்னென்ன வேதித் தொகுதிகள் வெளியே தெரிகின்றன, நுண்ணிய மேடுபள்ளங்கள் எப்படி அமைந்துள்ளன என்பவற்றைப் பொறுத்து, படியும் புரதத்தின் அளவும் அது மடிந்து நிற்கும் வடிவமும் மாறுகின்றன. நுண்ணுயிர் நீக்கம் கைவைப்பது இந்தப் பண்புகளில்தான். செய்முறைக்கு இவ்வளவு கோட்பாடே போதுமானது.

முறையைத் தேர்வு செய்தல்

ஆய்வகத்தில் எந்தக் கருவி காலியாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்காமல், பொருளின் தன்மையிலிருந்து தொடங்க வேண்டும். கீழ்க்காணும் கேள்விகளுக்கு இதே வரிசையில் விடை எழுதினால் பெரும்பாலான மாதிரிகளுக்கு ஒன்றிரண்டு முறைகளே எஞ்சி நிற்கும்.

1. பொருள் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்குமா? டைட்டானியம், துருப்பிடிக்காத எஃகு, ஹைட்ராக்ஸிஅபடைட் போன்றவை தாங்கும். பாலிகேப்ரோலாக்டோன் ஏறத்தாழ 60 டிகிரியிலேயே உருகிவிடும்.

2. பொருளில் நீரால் உடையும் பிணைப்புகள் உள்ளனவா? பாலிலாக்டிக் அமிலம், அதன் கூட்டுப் பாலிமரான பி.எல்.ஜி.ஏ. ஆகியவை எஸ்டர் பிணைப்புகளால் ஆனவை. வெப்பமும் நீராவியும் சேர்ந்தால் இப்பிணைப்புகள் அறுந்து சங்கிலிகள் குட்டையாகின்றன.

3. பொருள் கொலாஜன் போன்ற புரதமா, அல்லது அதன் மேற்பரப்பில் புரதமோ பெப்டைடோ பூசப்பட்டுள்ளதா? அப்படியானால் ஆட்டோகிளேவை மறந்துவிட வேண்டும். நீராவியில் கொலாஜன் தன் முப்புரி வடிவத்தை இழந்து ஜெலட்டினாகிவிடும்.

4. மாதிரியில் நுண்துளைகள் உள்ளனவா? இருந்தால், புற ஊதா ஒளி போல நேர்கோட்டில் மட்டும் செல்லும் முறைகள் உட்புறத்தை எட்டா.

5. மாதிரி ஆய்வகச் சோதனைக்கு மட்டுமா, விலங்கின் உடலுக்குள்ளும் செல்லப்போகிறதா? 70 விழுக்காடு எத்தனால் பாக்டீரியாக்களைக் கொன்றாலும் அவற்றின் வித்துகளைக் கொல்லாது. ஆகவே அது தொற்று நீக்கமே தவிர நுண்ணுயிர் நீக்கம் அன்று. சில நாட்களில் முடியும் செல் சோதனைக்கு அது ஏற்கத்தக்கது. உடலுக்குள் வைக்கும் மாதிரிக்கு ஏற்கத்தக்கதல்ல.

டைட்டானியத் தட்டுகள்: கழுவுதல் முதல் ஆட்டோகிளேவ் வரை

டைட்டானியத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. வெப்பம் அதை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையால்தான் அதில் மிகுதியான பிழைகள் நேர்கின்றன. அந்த உலோகத்தின் மீது சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் இயல்பாகவே உண்டு. செல் சோதனையில் பங்கேற்பது உலோகமன்று, அந்தப் படலமே. புதிதாகத் தூய்மை செய்யப்பட்ட படலத்தில் நீர்த்துளி பரவி விரிந்துவிடும். ஆனால் அது காற்றிலுள்ள ஹைட்ரோகார்பன்களை ஈர்த்துக்கொண்டே இருப்பதால் நாளடைவில் நீரை விலக்கத் தொடங்குகிறது. தொடுகோணம், அதாவது துளியின் விளிம்பு மேற்பரப்போடு ஏற்படுத்தும் கோணம், சில வாரங்களில் 60 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. ஆட்டோகிளேவிலும் இத்தகைய படிவு நேரலாம். கொதிகலனின் நீரில் கரைந்துள்ள உப்புகள், சிலிக்கா, முந்தைய சுற்றில் வைத்த ரப்பர் மூடிகளிலிருந்தும் ஊடகக் குப்பிகளிலிருந்தும் வெளியேறிய ஆவிகள் ஆகியவை நீராவியோடு வந்து தட்டின் மீது படிகின்றன. கழுவுதலில் செலவிட்ட உழைப்பு முழுவதும் ஆட்டோகிளேவில் கழியும் 15 முதல் 20 நிமிடங்களில் வீணாகக்கூடும்.

1. தட்டுகளை அசிட்டோன், எத்தனால், அயனி நீக்கிய நீர் என்ற வரிசையில், ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 நிமிடங்கள் மீயொலிக் கழுவுகலனில் கழுவ வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. எண்ணெய்ப் பசையை அசிட்டோனும், அசிட்டோனின் எச்சத்தை எத்தனாலும், எத்தனாலை நீரும் நீக்குகின்றன.

2. கழுவிய தட்டுகளை விளிம்பில் மட்டும் இடுக்கியால் பிடித்து, தூய நைட்ரஜன் வாயுவால் உலர்த்த வேண்டும். கையுறை அணிந்த விரலாலும் மேற்பரப்பைத் தொடக் கூடாது. கையுறைகளில் உள்ள மசகுப்பொருள் தட்டில் படியும்.

3. தட்டுகளைக் கண்ணாடிப் பெட்ரி தட்டில் ஒன்றன் மேல் ஒன்று படாமல் அடுக்கி, நுண்ணுயிர் நீக்கப் பையில் இட வேண்டும்.

4. ஆட்டோகிளேவில் பழைய நீரை வெளியேற்றிவிட்டு, காய்ச்சி வடித்த நீரை நிரப்ப வேண்டும். குழாய் நீர் கூடாது. டைட்டானியத் தட்டுகளுக்கென்று தனிச் சுற்று ஓட்ட வேண்டும். எஃகுக் கருவிகள், ரப்பர் மூடிகள், ஊடகக் குப்பிகள் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது.

5. உள்ளிருக்கும் காற்று முற்றிலும் வெளியேறிய பின்னரே வால்வை மூட வேண்டும். பிரஷர் குக்கரின் தத்துவமே இங்கும் இயங்குகிறது. காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காட்டினாலும் உள்வெப்பம் 121 டிகிரியை எட்டாது. உரிய வெப்பத்தை எட்டிய பின் 15 முதல் 20 நிமிடங்களைக் கணக்கிட வேண்டும்.

6. பை முழுவதும் உலர்ந்த பின்னரே எடுக்க வேண்டும். ஈரப் பையின் வழியே நுண்ணுயிர்கள் உள்ளே புகுவதோடு, தட்டில் நின்று உலரும் துளி வளையமாகக் கறை விட்டுச்செல்லும்.

7. கழுவிய நாளிலிருந்து செல் இடும் நாள் வரையிலான இடைவெளியை எல்லாத் தட்டுகளுக்கும் ஒன்றாக வைத்து, அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது.

*குறிப்பு:* நீரை ஏற்கும் தன்மை சிதையாமல் நெடுநாள் வைத்திருக்க வேண்டியிருந்தால் நீர்மத்தில் மூழ்க வைத்துச் சேமிப்பதே வழி. ஸ்ட்ராமன் நிறுவனத்தின் எஸ்.எல்.ஆக்டிவ் என்ற பல் உள்வைப்பு உப்புக் கரைசலில் அடைக்கப்பட்டே விற்பனைக்கு வருகிறது.

*குறிப்பு:* 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி டைட்டானியத்தின் மீது படிந்த கார்பன் அசுத்தத்தைக் குறைத்து, நீரை ஏற்கும் தன்மையை மீட்டுத் தருகிறது. டைட்டானிய நானோகுழாய்ப் பரப்புகளில் ஆட்டோகிளேவைவிடப் புற ஊதா ஒளி செல்களுக்கு உகந்ததாக அமைந்ததும் இதனால்தான். தட்டைத் திருப்பிப்போட்டு இரு பக்கமும் ஒளி படச் செய்ய வேண்டும். இந்த ஒளி நிழல் விழும் இடத்தில் எதையும் கொல்லாது.

*வழக்கமான பிழை:* ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்கிறது. அதன் உடலை அகற்றுவதில்லை. சில பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் என்னும் நச்சு 121 டிகிரியில் அழிவதில்லை; அதை அழிக்க 250 டிகிரி உலர் வெப்பம் 30 நிமிடங்கள் தேவை. அழற்சி தொடர்பான செல்களைப் பயன்படுத்துவோர் இந்த எச்சத்தையே பொருளின் குணமென்று தவறாக எண்ணக்கூடும். எனவே முன்கழுவுதலைச் சுருக்கக் கூடாது. கழுவிய தட்டைக் குழாய் நீர்த்தொட்டியின் அருகே திறந்து வைக்கவும் கூடாது.

சிதையும் பாலிமர்ச் சாரக்கட்டுகள்

திசு வளர்வதற்கு இடம் தரும் நுண்துளைப் பொருள் சாரக்கட்டு எனப்படுகிறது. பி.எல்.ஜி.ஏ.-யின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது விறைப்பான பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 45 முதல் 55 டிகிரி வரையிலானது. எனவே ஆட்டோகிளேவ் மட்டுமன்றி, 50 டிகிரி அறையில் உலர்த்துவதும் துளைகளைச் சுருக்கிவிடும். ஆய்வகச் சோதனைக்கு எத்தனால் முறை ஏற்றது; அதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. நீரை விலக்கும் இச்சாரக்கட்டுகளின் துளைகளில் காற்று அடைபட்டிருப்பதால் வளர்ப்பு ஊடகம் உள்ளே செல்வதில்லை. எத்தனாலோ எளிதில் உட்புகும். எத்தனாலில் நனைத்துப் பின்னர் நீருக்கு மாற்றினால் துளைகள் முழுவதும் நனைகின்றன.

1. சாரக்கட்டை 70 விழுக்காடு எத்தனாலில் முழுவதும் மூழ்கவைத்து, மேலெழும் குமிழ்கள் நிற்கும் வரை மென்மையாக அசைக்க வேண்டும். மிதந்தால் நுண்ணுயிர் நீக்கிய எஃகு வளையத்தால் அமிழ்த்த வேண்டும்.

2. 30 நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை வைத்தபின், எத்தனாலை உலரவிடாமல், பாஸ்பேட் தாங்கல் கரைசலுக்கு நேரடியாக மாற்ற வேண்டும். உலரவிட்டால் காற்று மீண்டும் துளைகளில் அடைபடும்.

3. தாங்கல் கரைசலை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடங்கள் வைத்து மாற்ற வேண்டும். தடித்த சாரக்கட்டுகளுக்கு இது போதாது. எஞ்சிய எத்தனால் முதல் நாளிலேயே செல்களைக் கொல்லும்.

4. செல் இடுவதற்கு முந்தைய இரவு முழுவதும் ஊடகத்தில் ஊறவைக்க வேண்டும்.

எத்தனால் எல்லாப் பாலிமருக்கும் தீங்கற்றது என்று கருதிவிடக் கூடாது. பட்டுப் புரதமான ஃபைப்ராயினின் கட்டமைப்பை அது மாற்றிப் படிகத்தன்மையைக் கூட்டுகிறது. கொலாஜனிலிருந்து நீரை உறிஞ்சிச் சுருங்கச் செய்கிறது. அசிட்டோனைப் பி.எல்.ஜி.ஏ. அருகிலேயே கொண்டுசெல்லக் கூடாது. அது பாலிமரைக் கரைத்துவிடும்.

வாயுவுக்கும் கதிருக்கும் வெளியே அனுப்பும்போது

எத்திலீன் ஆக்சைடு 10.7 டிகிரியில் கொதிக்கும், எளிதில் தீப்பற்றும், புற்றுநோயை உண்டாக்கும் வாயு. ஆய்வக மேசையில் இதைக் கையாள முயலக் கூடாது. மருத்துவமனைகளின் மையக் கிருமிநீக்கப் பிரிவுகளிலும் அதற்கெனக் கருவி உள்ள நிலையங்களிலும் மட்டுமே செய்விக்க வேண்டும். ஏறத்தாழ 37 முதல் 63 டிகிரி வரையிலான வெப்பத்தில் இயங்குவதால் பாலிமர்களுக்கு உகந்தது என்று பெயர் பெற்றிருந்தாலும், ஈரப்பதமும் வாயுவும் சேர்ந்து பி.எல்.ஜி.ஏ.-யை இளக்கிவிடக்கூடும் என்பதால், கிடைப்பவற்றுள் மிகக் குறைந்த வெப்பச் சுற்றைக் கேட்டுப் பெற வேண்டும். நுண்ணுயிரின் புரதங்களோடு வினைபுரிந்து கொல்லும் அதே முறையில், கொலாஜனின் அமினோ தொகுதிகளோடும் இவ்வாயு வினைபுரிகிறது. செல் பற்றும் இடங்கள் அவ்வாறு மறையக்கூடும். வாயுவை வெளியேற்றும் காற்றோட்டக் கட்டத்தைச் சுருக்கக் கூடாது. துளைகள் மிகுந்த மாதிரிகள் வாயுவை நெடுநேரம் பிடித்து வைத்திருப்பதால், கருவியிலிருந்து வந்தபின்னும் ஃபியூம் ஹூட்டுக்குள் சில நாட்கள் வைத்திருப்பது நல்லது. முதல் நாளில் எல்லாச் செல்களும் உருண்டு மிதப்பது பெரும்பாலும் இந்த எச்சத்தின் அறிகுறி.

காமா கதிர் முறையில் கோபால்ட்-60 வெளியிடும் கதிர் பெட்டியோடு சேர்த்து மாதிரியை ஊடுருவுகிறது. வழக்கமான அளவு 25 கிலோகிரே. இந்தியாவில் மருத்துவப் பொருட்களுக்கான இச்சேவை 1974-இல் டிராம்பேயில் ஐசோமெட் நிலையத்தில் தொடங்கியது. கதிர் பாலிமர்ச் சங்கிலிகளை அறுத்து, இணையில்லா மின்னணுவைக் கொண்ட, அடங்காத வினைத்திறனுள்ள தனி உறுப்புகளை உண்டாக்குகிறது. பி.எல்.ஜி.ஏ.-யில் மூலக்கூறு எடை குறைந்து, பின்னர் ஊடகத்தில் அது விரைவாகச் சிதைகிறது. டெஃப்ளான் நொறுங்கிவிடும். செயற்கை மூட்டுகளில் பயன்படும் மீயுயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனை 1990-களின் நடுப்பகுதி வரை காற்று புகும் பைகளில் வைத்தே கதிரிட்டு வந்தனர். எஞ்சிய தனி உறுப்புகள் அலமாரியில் இருக்கும்போதே ஆக்சிஜனோடு வினைபுரிந்து பொருளை நலிவடையச் செய்தன என்று தெரிந்த பின்னரே நைட்ரஜன் போன்ற மந்த வாயு அடைத்த உறைகள் பரவின. கதிரிட்ட பாலிமர் வாரக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

- மாதிரிகளை ஆக்சிஜன் நீக்கிய உறையிலும், சிதையும் பாலிமர்களை உலர் பனிக்கட்டியோடும் அனுப்ப வேண்டும்.
- பெட்டியின் மீதுள்ள நிறம் மாறும் ஒட்டுச்சீட்டு கதிர் பட்டது என்பதை மட்டுமே காட்டும். எவ்வளவு பட்டது என்பதற்கு அளவீட்டுச் சான்று கேட்டுப் பெற வேண்டும்.
- கதிரிடாத மாதிரி ஒன்றையும் அதே பெட்டியின் பயணத்துக்கு இணையாக, அதே வெப்பநிலையில் வைத்திருந்து பின்னர் அளக்க வேண்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா 45 முதல் 55 டிகிரியில் முடிந்துவிடும். நச்சு எச்சம் குறைவு. ஆனால் பருத்தி, காகிதம் போன்ற செல்லுலோஸ் பொருட்கள் பெராக்சைடை உறிஞ்சிச் சுற்றையே நிறுத்திவிடும். பாலிமரின் மேற்பரப்பை அது ஆக்சிஜனேற்றம் செய்வதால் நீரை ஏற்கும் தன்மை கூடக்கூடும். செல்கள் நன்றாக ஒட்டினால் அந்தப் பெருமை பொருளுக்குரியதா பிளாஸ்மாவுக்குரியதா என்பதை ஒப்பீட்டு மாதிரியால் மட்டுமே சொல்ல முடியும்.

மேற்பரப்பை அளத்தல்

1. ஒவ்வொரு தொகுதியிலும் செல் இடாமல் அளவீட்டுக்கென்றே மூன்று மாதிரிகளை ஒதுக்கி, அவற்றையும் அதே சுற்றில் நுண்ணுயிர் நீக்கம் செய்ய வேண்டும். நீர்த்துளி பட்ட மாதிரியைச் செல் சோதனைக்குத் திருப்பக் கூடாது.

2. 2 மைக்ரோலிட்டர் தூய நீரை வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், எடுத்துக்காட்டாக 5 நொடிகளில், பக்கவாட்டில் படமெடுத்துத் தொடுகோணத்தை அளக்க வேண்டும். உரிய கருவி இல்லாத இடங்களில், நிலையாகப் பொருத்திய கேமராவும் இமேஜ்ஜே என்னும் இலவச மென்பொருளும் போதும்.

3. நுண்துளைப் பொருளில் துளி உள்ளே இழுக்கப்படுவதால் அந்தக் கோணத்துக்குப் பொருளில்லை. அதே பாலிமரைத் தட்டையான படலமாக வார்த்து, உடன் வைத்து நுண்ணுயிர் நீக்கி, அதை அளக்க வேண்டும்.

4. நுண்ணுயிர் நீக்கத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பெருக்கத்தில் மின்னணு நுண்நோக்கிப் படங்கள் எடுத்து, துளை அளவையும் இழைகளின் தடிமனையும் ஒப்பிட வேண்டும். மேற்பரப்பின் முதல் பத்து நானோமீட்டர் ஆழத்தில் உள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலையியல் கிடைத்தால், டைட்டானியத்தில் கார்பனின் அளவை முதலில் பார்க்க வேண்டும்.

செல்களை இட்டு எண்ணுதல்

1. ஒப்பீட்டுக்கு வைக்கும் பொருளும் சோதனைப் பொருள் கடந்த அதே நுண்ணுயிர் நீக்கத்தைக் கடந்திருக்க வேண்டும். ஆட்டோகிளேவ் செய்த டைட்டானியத்தை எத்தனாலில் நனைத்த பூச்சு மாதிரியோடு ஒப்பிட்டால் இரு மாறிகள் ஒரே நேரத்தில் மாறிவிடுகின்றன. அத்தகைய முடிவிலிருந்து பூச்சைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

2. செல் ஒட்டாத வகையைச் சேர்ந்த, மேற்பரப்புப் பதப்படுத்தாத தட்டுகளில் மாதிரிகளை வைக்க வேண்டும். வழக்கமான வளர்ப்புத் தட்டின் அடிப்பரப்பு செல்களை நன்றாக ஈர்க்கும். மாதிரியிலிருந்து வழிந்து அங்கே ஒட்டியவையும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். எண்ணுவதற்கு முன் மாதிரியைப் புதிய குழிக்கு மாற்றுவது கூடுதல் காப்பு.

3. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10,000 செல்கள் என்ற அளவில் இட வேண்டும். எலும்புப் பொருட்களுக்கு எலியின் எம்.சி.3டி3-இ1 செல்களும், நச்சுத்தன்மைச் சோதனைக்கு எல்929 செல்களும் பரவலாகப் பயன்படுகின்றன.

4. 1, 4, 24 மணி நேரங்களில் மாதிரிகளை எடுத்து, தாங்கல் கரைசலைக் குழியின் சுவர் வழியாக வழியவிட்டு இருமுறை கழுவி, 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்த வேண்டும். செல்லின் மேல் நேராக ஊற்றினால், ஒட்டத் தொடங்கியவையும் பெயர்ந்துவிடும்.

5. உட்கருவை டாபி சாயத்தாலும், செல்லின் உள்நாண்களான ஆக்டின் இழைகளைப் பலாய்டின் சாயத்தாலும் நிறமூட்டி, ஒவ்வொரு மாதிரியிலும் ஐந்து இடங்களிலாவது எண்ண வேண்டும். டைட்டானியத்தின் வழியே ஒளி செல்லாததால், மேலிருந்து ஒளி பாய்ச்சும் ஒளிர் நுண்நோக்கி தேவைப்படும்.

*வழக்கமான பிழை:* மூன்றாம் நாளில் எம்.டி.டி. சாயச் சோதனை செய்து, அந்த மதிப்பைச் செல் ஒட்டுதல் என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. அச்சோதனை அளப்பது வளர்சிதைமாற்றத்தை. குறைவாக ஒட்டி விரைவாகப் பெருகிய செல்களும் அதே மதிப்பைத் தரும்.

பாதுகாப்பு

அசிட்டோனை மீயொலிக் கலனில் நேரடியாக ஊற்றக் கூடாது. மூடிய பீக்கரில் இட்டு, கலனில் நீர் நிரப்பி, அந்த நீரில் பீக்கரை வைக்க வேண்டும். லேமினார் மேசையில் எத்தனால் திறந்திருக்கும்போது சாராய விளக்கை ஏற்றக் கூடாது. புற ஊதா விளக்கு எரியும்போது கண்ணையும் தோலையும் காட்டக் கூடாது. சில நிமிட வெளிப்பாடே கருவிழியைப் புண்ணாக்கும். ஆட்டோகிளேவில் இறுக மூடிய குப்பிகளை வைக்கவும், அழுத்தம் சுழியத்துக்கு இறங்கும் முன் கதவைத் திறக்கவும் கூடாது. பாராஃபார்மால்டிஹைடை ஃபியூம் ஹூட்டுக்குள்ளேயே கையாள வேண்டும்.

செல்கள் ஒட்டாதபோது

எல்லா மாதிரிகளிலும், ஒப்பீட்டுக்கு வைத்த வழக்கமான வளர்ப்புத் தட்டிலும் செல்கள் ஒட்டவில்லை என்றால் குறை செல்லிலோ ஊடகத்திலோ இருக்கிறது. மாதிரியை ஆராய வேண்டியதில்லை. ஒப்பீட்டுத் தட்டில் ஒட்டி மாதிரியில் மட்டும் உருண்டு நின்றால், நுண்ணுயிர் நீக்கிய மாதிரியை ஒரு நாள் ஊடகத்தில் ஊறவைத்து, அந்த ஊடகத்தை மட்டும் வேறு தட்டில் நன்றாக ஒட்டியிருக்கும் செல்களுக்கு இட வேண்டும். அவை இறந்தால் எத்தனால், எத்திலீன் ஆக்சைடு போன்ற எச்சமோ சிதைந்த பாலிமரின் அமிலமோ காரணம். கழுவுதலையும் காற்றோட்டத்தையும் நீட்டிக்க வேண்டும். அவை நலமாக இருந்தால் மேற்பரப்பே காரணம் என்பதால், ஒதுக்கி வைத்த மாதிரிகளின் தொடுகோணத்தைப் பார்க்க வேண்டும். அது முந்தைய தொகுதியைவிட 10 டிகிரிக்கு மேல் வேறுபட்டால், நுண்ணுயிர் நீக்கச் சுற்றின் நீர், உடன் வைத்த பொருட்கள், சேமிப்பு நாட்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, வேறுபட்ட ஒன்றை மட்டும் திருத்தி அதே செல் தொகுதியோடு சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.